பந்துப் பூ தூங்கிய மார்கழி

கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்தது. தென்னூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கொல்லைப்புறத்தில், கிணற்றடியை ஒட்டி, ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி. அதற்கு மேல் ஒரு கறுப்புக் குடை விரிந்திருந்தது. துணிக்கொடி கட்டியிருந்த கம்பத்தோடு குடைக் கம்பியைச் சேர்த்துச் சணலால் கட்டியிருந்தது. தொட்டிக்குள் மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை.

அந்தக் குடையின் சொந்தக்காரர் அதே நேரத்தில் வாசல் வழியாக, தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர்தான் என் கணவர்.

"மண்ணுக்குக் குடையப் புடிச்சிட்டு மனுசன் நனைஞ்சிட்டுப் போறான். இத நான் எங்க போயிச் சொல்ல, மாதாவே!" என்றார் என் மாமியார்.

எங்கும் போய்ச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தெருவே வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தது.

சென்ற வாரம் என் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோன கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு பழைய தோழி போன் செய்தாள். "அத்தனை கலாட்டாவிலும் மாப்பிள்ளை என்ன சொன்னார்னு நீ எழுதவே இல்லையேடி?" என்று கேட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பேசாத சுபாவத்தைச் சொன்னால்தான் குடையின் கதை புரியும்.

ஒற்றைச் சொல் மாப்பிள்ளை

என் கணவர் பெயர் லூர்துசாமி. சர்க்கார் ஆபீசில் கிளார்க். சுற்று வட்டாரத்து அரிசி ஆலைகளின் இருப்பைச் சரிபார்ப்பது அவர் வேலை. நாளெல்லாம் மூட்டைகளோடு பழகுவதால்தான் பேச்சு குறைந்துவிட்டது என்று நான் கிண்டல் செய்வதுண்டு. அதற்கும் பதில் வராது.

வையம்பட்டிக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோது, எங்கள் அப்பா நிலம், மாடு, மழை என்று ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில் "உங்களுக்குச் சம்மதம்தானுங்களே?" என்று கேட்டார். இவர் "சரி" என்றார். அவ்வளவுதான் என் காதல் கதை.

தென்னூர் வீட்டில் இவருக்கும் சேர்த்து ஒருவர் பேசினார். அவர்தான் நான் அத்தை என்று கூப்பிடும் என் மாமியார், மரியபுஷ்பம். எதையும் ஒரு முறை சொல்லி நிறுத்தும் வழக்கம் அவருக்கு இல்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது என்னை எல்லோரிடமும், "இது தெரசு. வையம்பட்டிலேருந்து வந்திருக்கா" என்பார். ஏதோ நாலு நாள் தங்கிவிட்டு ஊருக்குத் திரும்பப் போகிறவளைப் போல இருக்கும். எனக்கு அது சுருக்கென்று குத்தும். வெளியே சிரித்துக்கொள்வேன்.

புடவை என்று நினைத்தேன்

கல்யாணமான அடுத்த மாதம், வைகாசி வெயிலில், அவர் ஒரு நாள் சாயந்திரம் கையில் பெரிய காகிதப் பொட்டலத்தோடு வந்தார். "உனக்குத்தான்" என்று நீட்டினார். நான் புடவை என்றே நினைத்தேன். வாங்கும்போது கனத்தது. பட்டுப்புடவையோ என்று கூட நினைத்தேன்.

பிரித்தால் ஒரு மண்சட்டி. அதில் ஒரு தண்டு. தண்டின் உச்சியில் சிவப்பாக, உருண்டையாக, பிள்ளைகள் விளையாடும் பந்து அளவுக்கு ஒரு பூ. ஊசி ஊசியாக நூறு சின்னப் பூக்கள் சேர்ந்த ஒரே பூ. ஃபுட்பால் லில்லி என்று அதற்குப் பெயர் இருப்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். விற்றவர் பந்துப் பூ என்றாராம். நாங்களும் அப்படியே சொன்னோம்.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகிற வழியில், தென்னந்தட்டி வேலி போட்ட ஒரு சின்ன நர்சரியில் வாங்கியிருந்தார். அந்த நர்சரிக்காரர் சொன்னதை இவர் எனக்கு ஒப்பித்தார். பூ ஒரு வாரம் இருக்கும். பிறகு பெரிய பெரிய இலை விடும். ஐப்பசி, கார்த்திகையில் இலையெல்லாம் போய், செத்த மாதிரி கிடக்கும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தூங்கும். அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது, அழுகிவிடும். அடுத்த வெயிலுக்கு எழுந்துகொள்ளும்.

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது அன்றுதான். புடவை இல்லாத வருத்தம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதை மறைப்பானேன்.

பூ வாடியதும் அவர் அதைக் கிணற்றடித் தொட்டிக்கு மாற்றி, நட்ட நடுவில் நட்டார். முன்பு குடியிருந்தவர்கள் மாட்டுக்குக் கழனித்தண்ணி வைத்த தொட்டி அது. அடியில் விரிசல். நாலு ஆள் சேர்ந்தாலும் நகராது. அந்த நகராத தொட்டிதான் பின்னால் எல்லா வினைக்கும் காரணம்.

திருச்சிக் குளிர்

திருச்சியில் குளிர்காலமா என்று கேட்பவர்கள் எங்கள் அத்தையைப் பார்த்ததில்லை. ஐப்பசி பிறந்ததும் இரண்டு காதிலும் பஞ்சு வைப்பார். கார்த்திகையில் மஃப்ளர் வரும். மார்கழியில் மஃப்ளருக்கு மேல் கம்பளி. விடியற்காலைப் பூசைக்குப் போனால் கோயிலில் பாதிப் பேர் குரங்குக் குல்லாயோடு மண்டியிட்டிருப்பார்கள். யார் யாரென்று சாமியாருக்கே தெரியாது. மின்விசிறியை நிறுத்தினால் வியர்க்கும், போட்டால் குளிரும் என்று எங்கள் ஊர் ஆட்கள் படுகிற அவஸ்தை வேறு யாருக்கும் புரியாது.

அத்தைக்கு உலகில் நடக்கும் எல்லாச் சாவுக்கும் காரணம் பனி. கல்லறைத் திருநாள் அன்று, என் மாமனாரின் கல்லறைக்குப் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பியவர் நேராகக் கொல்லைக்குப் போனார். தொட்டியில் இலைகள் மஞ்சளாகித் தொங்கிக்கொண்டிருந்தன.

"தலையில பனி எறங்கிடுச்சு. முடிஞ்சு போச்சு. கையில ஒரு மெழுகுவத்தி மிச்சம் இருக்கு, இதுக்கும் ஏத்திருவமா?"

"தூங்குதும்மா. வரும்" என்றார் என் கணவர்.

அந்த "வரும்" எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வழக்கமாக அவர் எதையும் உறுதியாகச் சொல்லமாட்டார். மழை வருமா என்றால் தோளைக் குலுக்குவார். பஸ் வருமா என்றால் எட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் அடித்துச் சொன்ன முதல் சொல் அது. இந்த மனிதரை நம்பி ஒரு வாழ்நாளை ஓட்டப் போகிறேன். இவர் சொன்னால் நடக்குமா, நடக்காதா என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு என்ன வழி இருந்தது? அந்தக் கிழங்கு பிழைக்க வேண்டும் என்று வெட்கத்தை விட்டு ஜெபமாலை உருட்டினேன்.

இலைகள் உதிர்ந்தன. தொட்டி வெறும் மண்ணாயிற்று. பிறகு மழை பிடித்தது. தொட்டியை உள்ளே நகர்த்த முடியாது, ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. அவர் குடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

கொல்லையில் பிறந்த பாலன்

எங்கள் கத்தோலிக்க வீடுகளில் பாலன் இயேசுவை வைக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் வேண்டும். ஆடும் மாடும் மேய்ப்பர்களும் நிற்க வேண்டாமா? அதற்காகத் திருநாளுக்கு முன்பே தட்டிலோ சட்டியிலோ மண் போட்டு, ஊறவைத்த கேழ்வரகைத் தூவி, தண்ணீர் தெளித்து வளர்ப்போம். பச்சைப் பசேலென்று வந்து நிற்கும். வையம்பட்டியில் நாங்கள் கொட்டாங்கச்சியில் கூட வளர்த்திருக்கிறோம்.

அந்த மார்கழியில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் அரையாண்டுப் பரீட்சை. கணக்கு டீச்சருக்குப் பரீட்சைக் காலத்தில் வீடு என்பது தூங்குகிற இடம் மட்டும்தான். என் கணவருக்கு மண்ணச்சநல்லூர் ஆலைகளில் வேலை. இருட்டோடு போய் இருட்டியபின் வருவார். வீட்டில் பகலெல்லாம் அத்தை மட்டும். மழையும் ஓய்ந்து, குடையும் உள்ளே வந்துவிட்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அடுப்படியில் இருந்தேன். கொல்லையிலிருந்து ஒரு சத்தம்.

"தெரசு! வந்துடுச்சு! தெரசு, வந்துடுச்சு!"

யாரோ திருடனைப் பிடித்துவிட்டார்கள் என்று கரண்டியோடு ஓடினேன். என் கணவர்தான் கத்திக்கொண்டிருந்தார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரியும். தொட்டி முழுக்க மெல்லிய பச்சை. மதில் சுவருக்கு மேல் பக்கத்து வீட்டுத் தலைகள் முளைத்தன.

"செத்த மாதிரி கெடந்துச்சுங்க! எல்லாரும் சிரிச்சாங்க. நான் சொன்னேன், வரும்னு! பாருங்க, ஒண்ணு ரெண்டு இல்லைங்க, எத்தனை வந்திருக்கு பாருங்க!" என்று மதில் தலைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வையம்பட்டியில் பிறந்தவள், கேழ்வரகுப் பயிரைப் பார்த்ததும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நான் பயிரைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அத்தை வாளியோடு வந்தார்.

"தள்ளுப்பா லூர்து. கேவுருக்குத் தண்ணி ஊத்தணும்."

மதில் மேல் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக இறங்கிக் காணாமல் போயின. மறுபக்கம் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

"கேவுரா?" என்றார் என் கணவர்.

"குடிலுக்குப் புல்லு வேண்டாமா? தட்டுல போட்டா எலி தின்னுட்டுப் போயிடுது. இங்க மண்ணு சும்மாதான கெடக்கு."

"தண்ணி ஊத்தினியாம்மா?"

"ஊத்தாம? காலையில ஒரு வாளி, சாயந்திரம் ஒரு வாளி. அதுல ஒரு நாளும் கொறை வெக்கல."

அவர் துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்துவிட்டார். அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் அவர் மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை. "பாலனுக்குத்தான ஊத்துனேன், என் வாயிலயா ஊத்திக்கிட்டேன்?" என்று சொல்லிக்கொண்டே மீதித் தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டிவிட்டுப் போனார்.

பயிரைப் பிடுங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். என் கணவர் வேண்டாம் என்று தலையாட்டினார். பாலனுக்கு என்று விதைத்ததைப் பிடுங்க அவருக்கு மனம் வரவில்லை. தொட்டியோ நகராது. ஆகவே அந்த வருடம் குடிலைத் தொட்டிக்கு மேலேயே கட்டினோம். ஊரெல்லாம் பாலன் முன்கூடத்தில் பிறந்தார். எங்கள் வீட்டில் மட்டும் கிணற்றடியில் பிறந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அடுப்படி வழியாக, வெங்காயத் தோலை மிதித்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்கள்.

பங்குச் சாமியார் குடிலை மந்திரிக்க வந்தார். "தொழுவத்துல பொறந்தவருக்குக் கெணத்தடி ஒண்ணும் கொறைச்சல் இல்ல" என்று சிரித்துக்கொண்டே தீர்த்தச் செம்பை எடுத்தார். என் கணவர் பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

"சாமி, தண்ணி மட்டும் கொஞ்சமா தெளிங்க."

சாமியார் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒட்டகத்துக்கு மட்டும் ஒரு சொட்டுத் தெளித்தார். அந்த ஒட்டகம்தான் தொட்டியின் நட்ட நடுவில், கிழங்குக்கு நேர் மேலே நின்றது. கனமில்லாத களிமண் ஒட்டகமாகப் பார்த்து என் கணவர்தான் அதை அங்கே நிறுத்தியிருந்தார்.

கைப்பையில் ஒரு வெங்காயம்

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்தோம். வாடிய கேழ்வரகைப் பிடுங்கியதும் மண்ணிலிருந்து புளித்த வாடை வந்தது. அவர் முகர்ந்து பார்த்தார். மேலே கொஞ்சம் ஆற்றுமணலைப் பரப்பினார்.

"ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். வரலன்னா அதுல கற்பூரவல்லி வெச்சிருவேன். சளிக்காச்சும் ஆவும்" என்று அத்தை கெடு வைத்தார்.

அதற்கும் என் கணவர் "வரும்" என்று சொல்லவில்லை. பேசுகிறவர் மௌனமானால் சமாதானம் சொல்லலாம். ஏற்கெனவே மௌனமாக இருப்பவர் இன்னும் மௌனமானால் என்ன செய்வது?

ஒரு சனிக்கிழமை, விடைத்தாள் திருத்தும் வேலை என்று பொய் சொல்லிவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடித்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஊரும்போது, எனக்குப் பக்கத்தில் பூக்குடலையோடு உட்கார்ந்திருந்த மாமி, "பெருமாள் சேவிக்கவா?" என்று கேட்டார். என் கழுத்திலிருந்த சிலுவையை முந்தானையால் மூடிக்கொண்டு "கிழங்கு வாங்க" என்றேன். மாமி பூக்குடலையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

தென்னந்தட்டி வேலியைக் கண்டுபிடித்துவிட்டேன். தென்னூரிலிருந்து வருகிறேன் என்று நர்சரிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தன நாள் தண்ணி ஊத்துனீங்க?"

"பத்து இருபது நாள் இருக்கும்."

"அழுகியிருக்கும்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "அழுகாமயும் இருக்கும்."

தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். தூங்குகிறதைத் தொட்டால் நிச்சயம் போய்விடும் என்றார். அதே மாதிரி ஒரு கிழங்கு வேண்டும் என்றேன். கூடையிலிருந்து பெரிய வெங்காயம் போல ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"நீங்களும் தென்னூரா? தென்னூர்க்காரங்களுக்கு இந்தக் கெழங்கு மேல திடீர்னு என்னங்க இவ்வளவு பாசம்?" என்று கேட்டுச் சிரித்தார். வியாபாரிகள் இப்படி ஏதாவது பேசுவது வழக்கம்தான் என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டில் ஒளித்துவைக்க இடம் கிடையாது. அத்தை கண்ணுக்குத் தப்பி ஒரு கடுகு கூட உள்ளே வராது. ஒரு வாரம் அது என் கைப்பையிலேயே கிடந்தது. பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் பேனா எடுக்கும்போது உருண்டு மேஜையில் விழுந்தது.

"என்ன டீச்சர், வெங்காயத்தோட வந்திருக்கீங்க? கொடுங்க, தயிர் சாதத்துக்குக் கடிச்சுக்கலாம்" என்று பக்கத்து டீச்சர் கையை நீட்டினார்.

அது வாயில் வைக்கக் கூடாத விஷக் கிழங்கு. பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன். ஒரு வெங்காயத்துக்கு இப்படியா என்று அவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. வையம்பட்டிக்காரர்கள் கஞ்சர்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டானது. எங்கள் ஊருக்கு அந்தப் பெயர் என்னால் வந்தது.

அடுத்த ஞாயிறு தலைவலி என்று சொல்லிப் பூசைக்குப் போகாமல் படுத்துக்கொண்டேன். இருவரும் தெருமுனை திரும்பியதும் எழுந்து ஓடி, மதில் பக்கத்து ஓரமாகக் கையால் தோண்டி நட்டுவிட்டு, மண்ணைத் தட்டி, மறுபடி வந்து படுத்தேன். பாவம்தான். ஆனால் அவர் அடித்துச் சொன்ன ஒரே சொல் பொய்யாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பூசை முடிந்து வந்த அத்தை என் நகத்தைப் பார்த்தார்.

"தலவலிக்கு மண்ணையா அரைச்சுப் போட்ட?"

நான் முக்காடு போட்டுக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு அத்தைக்கு முழங்கால் வலி. பூசைக்கு நாங்கள் இருவர் மட்டும் போனோம். அதற்கும் அடுத்த ஞாயிறு என் கணவருக்கு வயிற்றுப் பொருமல். தவக்காலம் நெருங்கும்போது வீட்டில் இப்படி ஒருவர் மாற்றி ஒருவர் படுக்கிறோமே என்று நான் கவலைப்பட்டேன்.

"தொட்டி மண்ணு கெளறியிருக்கே" என்று ஒரு நாள் அவர் சொன்னார்.

"பூனையாத்தான் இருக்கும்" என்றார் அத்தை, சட்டென்று.

"பூனைதான் அத்தை. நானே பாத்தேன்" என்றேன் நான்.

"ஆமா, பூனைதான்" என்று அவரும் உடனே ஒப்புக்கொண்டார்.

உயிர்ப்புத் திருநாள்

ஈஸ்டர் வந்தது. நடுராத்திரிப் பூசையில் கல்லறை திறந்து, வெடி வெடித்து, கொடியோடு உயிர்த்த இயேசுவின் சுரூபம் எழும்பியது. விடிந்ததும் மூன்று பேரும் கொல்லையில் போய் நின்றோம். தொட்டியில் ஒன்றும் எழும்பவில்லை.

நான் அத்தையின் வாயைப் பார்த்தேன். கெடு முடிந்துவிட்டது. கற்பூரவல்லிக் கிளை பக்கத்து வீட்டில் தயாராக இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"இந்த வெயில்ல கற்பூரவல்லி வெச்சா கருகிடும். கெடக்கட்டும் இன்னும் கொஞ்ச நாளு" என்றார் அத்தை.

அவர் கெடுவைத் தளர்த்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் கணவர் அம்மாவை ஆச்சரியமாகப் பார்த்தார். ஆச்சரியப்பட எனக்கும் நிறைய இருந்தது, ஆனால் என் கவலை எல்லாம் மதில் ஓரத்தின் மேல்.

கத்திரி வெயில் தொடங்கி, நடுவில் ஒரு கோடை மழை பெய்தது. இரண்டு மூன்று நாள் கழித்துக் காலையில் மதில் ஓரம் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு மொக்கு எட்டிப் பார்த்தது. தண்டில் புள்ளி புள்ளியாக, பெயிண்ட் பிரஷ் மாதிரி. நான் சத்தம் போட்டேன். இருவரும் ஓடி வந்தார்கள்.

அவர் முகம் மலரும் என்று காத்திருந்தேன். மலரவில்லை. அவர் குழப்பத்தோடு தொட்டியின் கொல்லைப்படிப் பக்கத்து ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கிணற்றுப் பக்கத்து ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரத்துக்குள் படிப் பக்கம் ஒன்று, கிணற்றுப் பக்கம் ஒன்று என்று அந்த இரண்டு ஓரங்களிலும் முளை வந்தது. மூன்றும் பூத்தன. மூன்று சிவப்புப் பந்துகள். நாங்கள் மூன்று பேரும் தொட்டியைச் சுற்றி நின்றோம்.

"ஒரு கெழங்குல மூணா?" என்றார் அத்தை.

"குட்டி போட்டிருக்கும்" என்றார் என் கணவர்.

"கிழங்குன்னா அப்படித்தான்" என்றேன் கணக்கு டீச்சரான நான்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் அத்தைக்குத்தான் அடக்க முடியவில்லை. பேசாமல் இருந்து அவருக்குப் பழக்கம் இல்லையே.

"எனக்கு மனசு கேக்கலப்பா. நான்தான தண்ணி ஊத்திக் கெடுத்தேன். சீரங்கத்துக்குப் போயி, பந்துப் பூ எங்க கெடைக்கும்னு கேட்டா, ஒருத்தன் கோயில் வாசல் வரைக்கும் காட்டி விட்டுட்டான். அங்கேருந்து திரும்பி நடந்து வாங்கியாந்து வெச்சேன். எம்புள்ள சொன்னது பொய்யாயிடக் கூடாதுல்ல?"

நான் மதில் ஓரத்தைக் காட்டி, "அது நான் வெச்சது அத்தை" என்றேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

என் கணவர் தலையைச் சொறிந்தார். "மண்ணச்சநல்லூர் போற வழிதான... ஒரு நாள் எறங்கி வாங்கினேன். வரலன்னா தெரசு வருத்தப்படுவாளேன்னு..."

முழங்கால் வலி, வயிற்றுப் பொருமல், தலைவலி எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. அத்தை கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சிரித்தேன். மதில் மேல் தலைகள் முளைத்தன. அந்த நர்சரிக்காரர் எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று எண்ணி எண்ணிச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் அவர் மெதுவாகச் சொன்னார்.

"மூணு வெச்சோம். மூணு வந்திருக்கு. அப்ப அது வரல."

தொட்டியின் நடுவில் வெறும் மணல். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார். மூன்று பூவையும் பறித்து எறிந்துவிடலாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால் தெரியாது.

கற்பூரவல்லிக்கு இடமில்லை

இரண்டு பூக்கள் வாடி, அத்தையின் பூ மட்டும் நின்றுகொண்டிருந்த ஒரு நாள், அத்தை கற்பூரவல்லிக் கிளையோடு கொல்லைக்கு வந்தார். "நடுவுல சும்மா கெடக்கு. இனிமே யாருக்குக் காத்திருக்கணும்?" என்று சொல்லிக்கொண்டே மணலில் விரலை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே இழுத்துக்கொண்டார்.

"டேய் லூர்து! தெரசு! ஓடியாங்க!"

தேள் கொட்டிவிட்டது என்றே நினைத்தோம். அத்தை மணலை ஒரு விரலால் மெல்ல ஒதுக்கினார். ஒட்டகம் நின்ற இடம். அங்கே, சுண்டு விரல் நுனி அளவுக்கு, வெளிறிய பச்சையில் ஒரு சுருள். மொக்கு இல்லை. பூப்பதற்கு அதனிடம் தெம்பு இல்லை. பாதி அழுகி, மீதிப் பாதியைக் கொண்டு ஓர் இலையை மட்டும் மேலே தள்ளியிருந்தது.

என் கணவர் குனிந்து பார்த்தார். "சொன்னேன்ல?" என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொண்டு வந்து, வெயில் படாமல் அதற்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு இந்த மனிதரோடு எத்தனை வருடமானாலும் ஓட்டிவிடலாம் என்று தோன்றியது.

கற்பூரவல்லி ஒரு பழைய பால் பவுடர் டப்பாவுக்குப் போனது.

சாயந்திரம் பக்கத்து வீட்டு அம்மாள் பூ பார்க்க வந்தார். "அடேயப்பா, எவ்வளவு பெரிய பூ!" என்று அத்தையின் பந்துப் பூவைத் தொடப் போனார். அத்தை அவர் கையைப் பிடித்து இழுத்து, மறுபடி கம்பத்தில் கட்டியிருந்த குடைக்குக் கீழே குனிய வைத்தார்.

"அத விடுங்க. அந்த மூணும் வெளியேருந்து வாங்கியாந்து வெச்சது. இதப் பாருங்க. இதுதான் எங்க வீட்டுது."